மேல் தண்ணீர்

எனக்கு எழுபத்தெட்டு வயது ஆகிறது. பெற்றது ஏழு, வளர்த்தது ஒன்பது. கூடுதல் இரண்டும் என் தங்கை விட்டுவிட்டுப் போன பிள்ளைகள். ஒன்பதும் இன்றைக்கும் உயிரோடு, கை கால் சுகத்தோடு, ஆளுக்கொரு வீட்டில் இருக்கிறார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்படக் கூடாது என்று எனக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டாம். அந்த ஒன்பது தலைக்கும் முதல் முதலாக ஊற்றியது கடலோரத்துப் பெரிய பங்களாவின் பின்புறத்துக் கிணற்றுத் தண்ணீர். அந்தக் கிணற்றை வருகிற திங்கட்கிழமை மண் போட்டு மூடப் போகிறார்கள். அதன் மேலே கார் நிறுத்துவார்களாம்.

போன வாரம் விஷயம் தெரிந்ததும் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு போனேன். பங்களாவை ஓட்டலாக மாற்றுகிறார்கள். சாரம் கட்டி, சாக்கு தொங்கவிட்டு, ஒரே தூசி. தலையில் மஞ்சள் தொப்பி வைத்த இன்ஜினியர் தம்பி ஒருவர் நின்றார். என் கடைசிப் பேரன் வயதுதான் இருக்கும்.

"தம்பி, கிணத்த மூடாதிய. நல்ல தண்ணி அது" என்றேன்.

"அது உப்புத் தண்ணி பாட்டி. கவர்ன்மென்ட் ரிப்போர்ட்டே இருக்கு."

"எந்தக் காலத்து ரிப்போர்ட்டு?"

"பழசுதான். முப்பது வருசம் இருக்கும். ஆனா ரிப்போர்ட்டு ரிப்போர்ட்டுதான?"

"மூடியத் தொறந்து, மேலாக்குல, தண்ணி மொகத்துல மட்டும், ஒரு செம்பு கோரிக் குடிச்சுப் பாருங்க. ஒரு நிமிசம் ஆவுமா?"

"அதெல்லாம் நான் சொல்லிச் செய்ய முடியாது பாட்டி. நீங்க வேணா எழுதிக் குடுங்க. மேல அனுப்பி வைக்கேன்."

எழுதத் தெரியாதவள் என்று என் முகத்தைப் பார்த்தே முடிவு செய்து சொன்ன வார்த்தை அது. பக்கத்தில் நின்ற கொத்தனார் சிரித்தான். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுதாக இல்லை. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பகல் போய்விடுகிறது. மூத்த மகனின் மகள் கல்லூரிக்குப் போகிறவள். "நீங்க சொல்லுங்க ஆச்சி, நான் எழுதுதேன்" என்றாள். அவள் எழுதினால் அது அவள் பேச்சாகிவிடும். எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினால் போதும் என்று சொல்லிவிட்டு நானேதான் எழுதுகிறேன். அந்த ரிப்போர்ட்டு எப்படி உண்டானது என்று முழுசாகத் தெரிந்தவர்களில் உயிரோடு மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். அதையும் சொல்லத்தான் வேண்டும். வரிசையாக வருகிறேன்.

பங்களாவை யார் கட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெள்ளைக்கார வியாபாரி ஒருவன் என்பார்கள். அவனுக்கும் முந்தி வந்த டச்சுக்காரன் என்றும் சொல்வார்கள். கடலுக்குள்ளிருந்து வெட்டி எடுத்த பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர். கொண்டல் காற்று அடிக்கும் மாதத்தில் சுவரில் உப்பு பூத்து நிற்கும். விரலால் தொட்டு நக்கிக்கொண்டே பள்ளிக்கூடம் போவோம். மாடியில் கடலைப் பார்த்த தாழ்வாரம். ஒரு தூணைக் கட்டிப் பிடிக்க இரண்டு பேர் கை வேண்டும். அப்போது அலை வந்து மதிலில் மோதும். இன்றைக்குக் கடலைத் தள்ளி, மண் அடித்து, நடுவில் ரோடே போட்டுவிட்டார்கள். இப்போது வாசலில் பளபளவென்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். கட்டியவன் பெருமை, தங்கிய துரைமார் பெருமை எல்லாம் அதில் இருக்கிறது என்று பேத்தி வாசித்துக் காட்டினாள். கிணற்றைப் பற்றி ஒரு எழுத்து கிடையாது.

உப்பளமும் கடலும் சுற்றி நிற்கிற ஊரில் நல்ல தண்ணீர் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. எங்கள் தெருவில் எங்கே தோண்டினாலும் உப்பு. பங்களாவின் பின்புறத்தில், கடலில் இருந்து முப்பது காலடித் தூரத்தில், அந்தக் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். ஆனால் அதைக் கோருவதற்கு ஒரு முறை உண்டு. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி உப்புத் தண்ணீரின் மேலே மிதந்துகொண்டு நிற்கிறது, பாலின் மேல் ஆடை நிற்பது போல. கீழே முழுவதும் கடல்தான். அதனால் இரும்பு வாளி போடக் கூடாது. பனையோலையில் அகல வாயாக முடைந்த பட்டையை மெதுவாக இறக்கி, தண்ணீரின் முகத்தில் படுக்கவைத்து, இரண்டு விரற்கடை ஆழத்துக்குமேல் போகாமல் தூக்க வேண்டும். காலையில் இருபது குடம், பொழுது சாய இருபது குடம். நடுவில் யாரும் தொட மாட்டார்கள். கிணறு தூங்குகிறது என்போம். முறை தவறி அள்ளினால் கீழே கிடக்கிற உப்பு மேலே ஏறிவிடும். ஏறினால் அது இறங்க ஒரு மழைக்காலம், சமயத்தில் இரண்டு மழைக்காலம் ஆகும். இதை யாரும் எங்களுக்குப் பாடமாகச் சொல்லித் தரவில்லை. பட்டையைச் சாய்த்து இறக்குகிறவளை வரிசையில் நிற்கிற பத்துப் பேரும் வைவார்கள். அதில் தானாக வந்துவிடும்.

எனக்கு ஏழு வயது இருக்கும்போது சலாபம் வந்தது. முத்துக்குளிப்பை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். பங்களா அப்போது சலாபக் கச்சேரி, சலாபத்துக்கான சர்க்கார் ஆபீஸ். மாடியில் கொடி பறக்கும். வெள்ளைக்காரத் துரை தாழ்வாரத்தில் உட்கார்ந்து குழாய்க் கண்ணாடி வைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் அப்பா குளியாளி. விடியலில் கடலுக்குப் போய் மத்தியானக் காற்றில் தோணிகள் திரும்பும். கரையெங்கும் அழுகிய சிப்பி நாற்றம், ஈ, வெளியூர் வியாபாரிகள். கடலில் முங்கி வந்த ஒவ்வொருவன் தலையிலும் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் மறுநாள் அக்குளும் தொடையிடுக்கும் வெடித்துப் புண்ணாகிவிடும். புண்ணோடு உப்புக்குள் இறங்கினால் உயிர் போகும். அதனால் பின்கதவு வழியாக எங்கள் தெருப் பெண்கள் போய்த் தண்ணீர் கோருவார்கள்.

துரைக்கு இந்தக் கூட்டம் பிடிக்கவில்லை. ஒரு நாள் பின்கதவைப் பூட்டச் சொல்லிவிட்டார். மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் தோணிகள் எல்லாம் கரையில் கிடக்கின்றன. குளியாளிகள் மணலில் மல்லாந்து படுத்திருக்கிறார்கள். துரை, பேச்சுச் சொல்லுகிற குமாஸ்தாவோடு இறங்கி வந்தார்.

"தொரை கேக்காரு, என்ன நோவு உங்களுக்கு?"

என் அப்பா எழுந்திருக்கவே இல்லை. "நோவு ஒண்ணுமில்ல வே. ஒடம்பெல்லாம் உப்பு. தொரையை ஒரு நா முங்கிட்டு, கழுவாமப் போய்ப் படுக்கச் சொல்லும். காலைல கால விரிச்சு நடந்து வாராரா, ஒட்டி நடந்து வாராரான்னு பாப்போம்."

குமாஸ்தா எதைச் சொன்னாரோ, எதை முழுங்கினாரோ. துரை முகம் சிவந்து போனார். ஆனால் மத்தியானத்துக்குள் பின்கதவு திறந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கதவு எங்கள் கதவு என்றுதான் நினைத்தோம். யாரும் எழுதி வாங்கவில்லை. எழுதி வாங்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அங்கேதான் கோட்டை விட்டோம்.

சலாபம் முடிந்து துரை போனார். வீடு சில வருஷம் சும்மா கிடந்தது. பிறகு பஞ்சுக் கிட்டங்கி ஆனது. துரை நடந்த மாடியில் பஞ்சுப் பொதி அடுக்கினார்கள். எனக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை வயிற்றில். வேம்பாரிலிருந்து வந்த காவல்காரர் ஒருவர் பின்கதவில் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டார்.

"ஏளா, உள்ள வராத. பஞ்சு கெடக்கு. தீப்பிடிச்சிரும்."

"தண்ணி கோர வாரவளப் பாத்துத் தீப்பிடிக்கும்ங்கியளே அண்ணாச்சி. ஒம்ம வாயில பொகையுதே, அது என்ன பனங்கெழங்கா?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்த சிரிப்பில் அந்த மனுஷனுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஒரு மாதம் கதவைத் திறக்கவே இல்லை. நாங்கள் ஒன்றரை மைல் நடந்து தண்ணீர் சுமந்தோம், வயிற்றைத் தள்ளிக்கொண்டு நானும். கடைசியில் அவர் பீடிதான் பொதியில் விழுந்தது. புகை வந்ததும் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து கத்தியவரும் அவரேதான். தெருவே குடத்தோடு ஓடியது. அன்றைக்கு முறையும் இல்லை, ஒன்றும் இல்லை. இரும்பு வாளி, தகர டின், கையில் கிடைத்ததை எல்லாம் போட்டு அள்ளி ஊற்றினோம். பஞ்சு தப்பியது. கிணறு உப்பாகிவிட்டது. ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும் பெய்து, தை மாதம் கோரிப் பார்த்தால் பழைய ருசி திரும்பியிருந்தது. காவல்காரர் அதற்குப் பிறகு கட்டிலை வேறு பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். என் முதல் மகள் தலைக்கு அந்தத் தை மாதத்துத் தண்ணீரைத்தான் ஊற்றினேன்.

அடுத்து சண்டைக் காலம். பட்டாளம் வந்து வீட்டைப் பிடித்துக்கொண்டது. மதிலைச் சுற்றி முள்கம்பி. கிணற்றில் இன்ஜின் வைத்து இறைத்தார்கள். நாங்கள் கம்பிக்கு வெளியே நின்று "மேலாக்குல, மேலாக்குல" என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னோம். பட்டாளத்தான் நாங்கள் ஏதோ கும்பிடு போடுகிறோம் என்று நினைத்துப் பதிலுக்குக் கையசைத்தான். எட்டாம் நாள் அவர்கள் டீயிலேயே உப்புக் கரித்தது. பிறகு லாரியில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கிணற்றின் மேலே பலகையைப் போட்டார்கள். சண்டை முடிந்து அவர்கள் போன பிறகு, அடுத்த மழைக்கும் அதற்கு அடுத்த மழைக்கும் காத்திருந்தோம். தண்ணீர் திரும்பியது. எத்தனை தடவை கெடுத்தாலும் விட்டு வைத்தால் திரும்பும். இதை இன்ஜினியர் தம்பி நன்றாகக் கவனிக்க வேண்டும். இரண்டு தடவை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நாடு நம்முடையது ஆன பிறகு மறுபடி சில வருஷம் சலாபம் நடந்தது. மாடியில் கொடி மாறியது, கீழே நாற்றம் அதேதான். அப்பா அதைப் பார்க்க உயிரோடு இல்லை. பின்கதவு மட்டும் திறந்தே கிடந்தது. அதுவும் முடிந்து, புதுத் துறைமுகம் கட்டப் போகிறோம் என்று சொல்லி சர்க்கார் ஆபீஸ் ஒன்று பங்களாவுக்குள் வந்தது. சுவருக்கெல்லாம் நீலம் அடித்தார்கள். தேக்குப் படிக்கட்டில் பைல் கட்டுகளைப் போட்டு வைத்தார்கள். அதற்குப் பெரிய ஆபீசராக வந்தவர் தாமிரபரணிக் கரை ஸ்ரீவைகுண்டத்துக்காரர். நெற்றி நிறைய நாமம், வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருஷம் இவ்வளவு எரிச்சல் இருந்திருக்காது.

ஆபீஸ் வளாகத்துக்குள் வெளியாள் வரக் கூடாது என்று பின்கதவை அடைக்கப் போவதாகப் பேச்சு வந்தது. நானும், என் வீட்டுக்காரரின் அக்காளான என் மைனியும், இன்னும் இரண்டு பேரும் பின்கதவு வழியாகவே போனோம். வீட்டுக்காரர் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார். மைனிக்குப் பிள்ளை கிடையாது. என் பிள்ளைகளில் பாதியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. ஆபீசர் எங்களை நாற்காலியில் உட்காரச் சொன்னார். எங்களில் யாரும் உட்காரவில்லை.

"உங்க தெருவுக்கு ஆத்துத் தண்ணி குழாயில வரப்போறதும்மா. தாமிரபரணித் தண்ணி. அதைவிடவா இந்தக் கிணறு?" என்றார்.

"வரட்டும் சார். வந்தா அதையும் குடிக்கோம். இது எங்க தண்ணி" என்றேன்.

மைனி நடுவில் புகுந்தாள். "ஒங்க ஆறு எங்க தெருவுக்கு நடந்து வாரதுக்குள்ள எங்களுக்குப் பேரம்பேத்தி பொறந்துரும் சார்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "சரி. ஒண்ணு செய்றேன். தண்ணியைச் சோதனைக்கு அனுப்புவோம். நல்ல தண்ணின்னு வந்துட்டா, கதவு உங்களுக்குத் திறந்தே இருக்கும்னு நானே எழுதித் தரேன். வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு எடுக்கலாம். நீங்களும் வந்து பாருங்கோ."

அதைவிட நியாயமாக ஒரு மனுஷன் என்ன சொல்ல முடியும்? எங்கள் ஆயுசில் முதல் தடவையாக ஒருவர் எழுதித் தருகிறேன் என்கிறார்.

இனி வருகிறதை எழுத மூன்று நாள் ஆயிற்று. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் தெருப் பெண்கள் எல்லாரும் குருசடிச் சிலுவைப் பக்கம் கூடினோம். மைனி சொன்னாள்: "ஏளா, நாளைக்குக் காலைல யாரும் கோர வேண்டாம். கெணறு நல்லா தூங்கட்டும். அவரு வந்து எடுத்துட்டுப் போன பொறவு நாம கோருவோம்."

எனக்கு அது பிடிக்கவில்லை. "வெறுங்கொடத்தத் தூக்கிக்கிட்டு ஆபீசர் முன்னால நிக்கச் சொல்லுதியளா மைனி? பிச்சைக்கு வந்தவளுவன்னு நெனைப்பாரு. நெறகொடத்தோட நிக்கணும். தெருவே நிக்கணும். இத்தன பேரு குடிக்க தண்ணிய எப்படி அடைப்பம்னு அவருக்கே பயம் வரணும்."

"உப்பு ஏறிரும்ளா."

"ஒரு நா கூடக் கொஞ்சம் கோருனா ஏறிராது."

"நீ கணக்கு வச்சிருக்கியா கெணத்துக்கு?"

"பயந்துகிட்டே இருங்க. எங்கப்பா தொரைக்கு முன்னால எந்திரிக்கக்கூட இல்ல."

அப்பா பேரை இழுத்ததும் எல்லாரும் என் பக்கம் வந்துவிட்டார்கள். மைனி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் அவளும் குடத்தோடு வந்து வரிசையில் நின்றாள். என்னை விட்டுக்கொடுக்க அவளுக்குத் தெரியாது.

ஐந்து மணியிலிருந்து கோரினோம். நாற்பத்திரண்டு பெண்கள். ஒருத்தி ஒரு குடம் கோரினால் பக்கத்து வீட்டுக்காரி இரண்டு குடம். கதவு அடைபட்டாலும் படலாம், இன்றைக்கே பிடித்துவைப்போம் என்று ஒவ்வொருத்திக்கும் மனசுக்குள் ஒரு பயம். பட்டை போதாமல் வாளி வந்தது. நான் பார்த்தேன், தடுக்கவில்லை. ஒன்பது மணிக்குப் பங்களாவின் பின்புறம் முழுவதும் நிறைகுடம். செம்பும் பித்தளையும் மண்ணுமாக வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றது. அப்படி ஒரு அழகை நான் மாதா கோயில் திருவிழாவில்கூடப் பார்த்ததில்லை. தலை நிமிர்ந்து நின்றேன்.

ஆபீசர் பத்து மணிக்கு வந்தார். குடங்களைப் பார்த்துத் திகைத்துப்போனார். எனக்குச் சந்தோஷம். பியூன் ஒரு பித்தளைச் செம்பின் கழுத்தில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினான். சரசரவென்று கயிறு கீழே போகிறது.

"சார், கீழ விடாதிய! மேலாக்குல எடுங்க" என்று கத்தினேன்.

"மேல தூசி தும்பெல்லாம் மிதக்கும்மா. ஆழத்துல இருக்கறதுதான் சுத்தம். எங்க ஊர்ல ஆத்துலகூட செம்பை நல்லா முக்கித்தான் எடுப்போம்."

ஆற்றங்கரையில் பிறந்தவருக்கு ஆற்றுப் புத்தி. நல்லது செய்வதாக நினைத்துத்தான் கயிறு முழுவதையும் விட்டார். கடலின் நடு வயிற்றிலிருந்து மொண்டு ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, அரக்கு வைத்து மூடி அனுப்பினார்கள். உப்பு என்று வந்தது. பதினைந்து நாளில் பின்கதவு இருந்த இடத்தில் சுவர் வந்தது. கிணற்றின் மேலே சிமெண்டுப் பலகை போட்டு மூடினார்கள். ஆபீசர் அதற்குள் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். போகும்போது எங்கள் தெருக் குழாய்க்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனாராம்.

முப்பது வருஷமாக நான் எல்லாரிடமும் இந்தக் கதையைச் சொல்லி வருகிறேன். ஆபீசர் ஆழத்தில் மொண்ட கதையை மட்டும். இன்ஜினியர் தம்பியிடம்கூடப் போன வாரம் அப்படித்தான் ஆரம்பிக்கப் பார்த்தேன். ஆனால் அன்றைக்கு அவர் மேலாக எடுத்திருந்தாலும் உப்பாகத்தான் இருந்திருக்கும். கயிறு கீழே போய்க்கொண்டிருக்கும்போது மைனி கடைசியாகக் கோரிய குடத்திலிருந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள். அது மேல் தண்ணீர்தான். முகம் சுருங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நானும் என் குடத்திலிருந்து ஒரு வாய் குடித்தேன். கரித்தது.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. கதவு அடைபட்டதும் தெருவில் ஏச்சு கிளம்பியது. நிறைகுடம் வைக்கச் சொன்னது யார், சொன்னது யார் என்று தெருமுனையில் ஒருத்தி கேட்டாள். அவள் வியாழக்கிழமை கூட்டத்துக்கு வராதவள். "மைனிதான்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்ததைத் திருப்பி எடுக்கவில்லை. கூட்டத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர்களும் சேர்ந்து கோரியவர்கள், வாளி போட்டவர்கள், அவர்களுக்கும் ஒரு ஆள் தேவைப்பட்டது. கொஞ்ச நாளில் அதுவே நிஜமாகிவிட்டது. மைனி மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் பேசவில்லை? அவ்வளவு பெரிய வாயை வைத்துக்கொண்டு ஏன் சும்மா இருந்தாள்? இதை நினைத்தால் எனக்கு அவள் மேல்தான் கோபம் வருகிறது. ஒரு தடவை திருப்பிக் கேட்டிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன். தெரியவில்லை. வருஷா வருஷம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சாமியார் முன்னால் முழங்காலிட்டு, பிள்ளையை அடித்தேன், பக்கத்து வீட்டுக்காரியை ஏசினேன் என்று சொல்லிவிட்டு வருவேன். இதைச் சொன்னதே இல்லை.

குழாய் வந்தது. மூன்று நாளைக்கு ஒரு தடவை, ஒரு மணி நேரம். முதலில் காற்று வரும், பிறகு சேறு வரும், தண்ணீர் வரும்போது நேரம் முடிந்துவிடும். மைனி வரிசையில் நின்றுகொண்டு, "பாருளா, அந்த ஆபீசர் ஊர்ல எருமை குளிப்பாட்டுன தண்ணி நம்ம கொழாய்க்கு வந்துருக்கு. எருமையக் காணோம்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் எவளாவது ஒருத்தி, "ஆமா, நீ வாயப் பேசு. நல்ல கெணத்த மூட வச்சவ நீதான?" என்பாள். மைனி குடத்தை நகர்த்தி வைத்துக்கொண்டு கடலைப் பார்ப்பாள். நான் அவளுக்குப் பின்னால் நிற்பேன். அவள் இறந்து பத்து வருஷம் ஆகிறது. அவளைக் குளிப்பாட்ட லாரித் தண்ணீர் வாங்கினோம்.

ஆபீஸ் புதுத் துறைமுகத்துக்குப் போனதும் பங்களா என்னென்னவோ ஆனது. கொஞ்ச நாள் உத்தியோகஸ்தர் குடியிருந்தார்கள். துரை உட்கார்ந்த தாழ்வாரத்தில் கொடி கட்டித் துணி காயப் போட்டார்கள். பிறகு உடைந்த நாற்காலியும் துருப்பிடித்த பீரோவும் போட்டு வைத்தார்கள். சினிமாக்காரர்கள் நான்கு நாள் வந்து ஒட்டடை வாங்கி ஒட்டிவிட்டுப் போனார்கள், பேய் வீடாம். தேர்தலுக்கு ஓட்டுச்சாவடி வைத்தார்கள். அந்த வீட்டின் முன்வாசல் வழியாக நான் முதல் தடவையாக உள்ளே போனது அப்போதுதான். மூன்று தேர்தலுக்குப் போயிருக்கிறேன். பெண்கள் வரிசை பின்புறத்தில் கிணற்றுச் சிமெண்டுப் பலகை மேலே நிற்கும். விரலில் மை வைத்துக்கொண்டு அந்தப் பலகையில் நின்று என்ன நினைத்தேன் என்று எழுத எனக்குப் படிப்பு போதாது.

ஆனால் கடைசித் தேர்தலில் ஒன்றைப் பார்த்தேன். பலகையின் ஓரத்து வெடிப்பில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. போன வாரம் பார்த்தேன், ஆள் உயரம் நிற்கிறது. குருவி போட்ட விதையாக இருக்கும். யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. உப்புத் தண்ணீரில் கறிவேப்பிலை நிற்குமா? எங்கள் தெருவில் எத்தனை பேர் வைத்துப் பார்த்து நுனி கருகிச் செத்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். முப்பது மழைக்காலம் யாரும் தொடாமல் அந்தக் கிணறு தூங்கியிருக்கிறது. அந்தக் கன்றின் வேரைக் கேளுங்கள் தம்பி, என்னைக் கேட்க வேண்டாம்.

ஓட்டல் வரட்டும். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் ஆயுசில் அந்த வீடு எத்தனையோ வேஷம் போட்டுவிட்டது, இதையும் போடட்டும். கதவைத் திறந்து எங்களை விடச் சொல்லியும் கேட்கவில்லை; கேட்க எனக்கு இனி முகம் இல்லை. திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு காலையில் அந்தப் பலகையை நகர்த்துங்கள். மோட்டார் வேண்டாம், இரும்பு வாளி வேண்டாம். நானே பனையோலைப் பட்டை முடைந்து வைத்திருக்கிறேன். என் கையால் மேலாக ஒரே ஒரு தடவை கோருகிறேன். நீங்களே முதலில் குடித்துப் பாருங்கள். உப்பாக இருந்தால் மண்ணைத் தட்டுங்கள்; நான் வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போகிறேன். நல்ல தண்ணீராக இருந்தால் மூடாதீர்கள். அந்தப் பழைய ரிப்போர்ட்டு பொய் இல்லை. ஆனால் அது அந்த ஒரு வெள்ளிக்கிழமையின் தண்ணீர். அதை உப்பாக்கியது நான். மைனி வேண்டாம் என்றாள்.

எழுதி முடித்துவிட்டேன். பேத்தியைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து தாள்களை ஒழுங்காக அடுக்கினாள்.

"எல்லாத்தையும் வாசிக்கணுமா ஆச்சி? கை வலிக்க எழுதிருக்கிய. மொதல்ல நான் மனசுக்குள்ள வாசிச்சுப் பிழையத் திருத்திருதேன்."

"பிழைய நாளைக்குத் திருத்து. இப்ப வாய்விட்டு வாசி. எந்த எடத்துலயும் தாண்டாத. மைனிதான்னு நான் சொன்ன எடம் வரும், அங்க கொரல எறக்காத. கொழாய்க்கு இன்னைக்குத் தண்ணி வார நாளு, எல்லாவளும் வெளிய வரிசைல நிக்காளுவ. சன்னலத் தொறந்து வச்சுக்கிட்டு வாசிளா."